லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர்

தோப்படிப்பட்டினம், மீமிசல் வழி
12 ஜனவரி 2025

அன்பு அண்ணன் ஷாநவாஸுக்கு, தங்கச்சி ஆஃப்ரீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அம்மாவும் நானும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வாய்தான் கட்டுக்குள் இல்லை. நீங்கள் அங்கே நல்ல உடம்போடு இருக்க இரண்டு பேரும் துஆ கேட்கிறோம்.

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால் கடிதம். ஷார்ஜாவுக்குத் திரும்பும் ஜைனுதீன் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நான் வேலையில் சேர்ந்துவிட்டேன். நம் பேரூராட்சியில் குப்பை சேகரிக்க ஒப்பந்தம் எடுத்திருக்கிற கம்பெனியில் பதிவாளர். எந்த வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை லிட்டர் டீசல் குடித்தது, ஈரக்குப்பை எவ்வளவு, எங்கே போய்ச் சேர்ந்தது என்று தினமும் எழுத வேண்டும். கம்பெனிக்கு ஓர் இலக்கு இருக்கிறது. இந்த வேலையால் வெளியாகும் கார்பன் ஒரு வருஷத்தில் நூற்றுக்கு நாற்பது குறைய வேண்டும். முதல் வருஷம் டீசலை வைத்து அளப்பார்கள். குறைத்துக் காட்டினால் சென்னையில் உள்ள ஒரு நிதி அமைப்பு இன்னும் பத்து பேட்டரி வண்டி கொடுக்கும்.

"எம்.எஸ்சி. படிச்சுட்டு குப்பை வண்டி பின்னாடி போகப் போறியா? அத்தா பேரு என்னாகுறது?" என்று கேட்டீர்கள். போன ஐப்பசியில் கீழத்தெருவுக்குள் கடல் தண்ணீர் வந்து மூன்று நாள் நின்றது. அதற்குக் காரணமான புகையில் நம் ஊரின் பங்கு எவ்வளவு என்று அளக்கிற வேலை இது. அத்தா இருந்திருந்தால் ஆமோதித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

பதில் எழுதுங்கள். திட்டினாலும் சரி.
ஆஃப்ரீன்

---

ஷார்ஜா
2 பிப்ரவரி 2025

தங்கச்சி ஆஃப்ரீனுக்கு, அலைக்குமுஸ்ஸலாம். இறைவன் அருளால் சுகமாக இருக்கிறேன். அம்மாவை மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்.

கடிதம் கிடைத்தது. நான் இங்கே ஏழு வருஷமாக சூப்பர் மார்க்கெட் வேன் ஓட்டி உன்னைப் படிக்க வைத்தது இதற்காக இல்லை. சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் அம்மா என்ன சொல்வார்கள்? வேறு வேலை தேடு. அவ்வளவுதான்.

ஒன்று மட்டும். டிப்பர் குப்பையைக் கொட்டும்போது பின்னால் நிற்காதே. தொட்டி மேலே ஏறுகையில் பின்கதவுக் கொக்கி கழன்றால் ஆள் மிஞ்சாது. பக்கவாட்டில், ஓட்டுநர் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நில். மழைக்காலத்தில் இன்னும் கவனம்.

உன் நலம் நாடும்
ஷாநவாஸ்

---

தோப்படிப்பட்டினம்
20 பிப்ரவரி 2025

அன்பு அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். திட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. நாங்கள் நலம். அம்மா நோன்புக்கு இப்போதே அரிசி இடித்து வைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நீங்கள் சொன்ன இடத்தில்தான் நிற்கிறேன். டிப்பர் ஓட்டும் மதுரைவீரன் அண்ணன் பார்த்துவிட்டு, "பாப்பா, ஒங்களுக்கு யாரு சொன்னா இங்கிட்டு நிக்கணும்னு? புதுசா வாரவங்க எல்லாம் பின்னாடிதான் வந்து நிப்பாங்க" என்றார். எங்கள் அண்ணன் சொன்னது என்றேன்.

வேலையைச் சொல்கிறேன். ஐந்து பேட்டரி வண்டிகளில் மூன்று செத்துக் கிடக்கின்றன. உப்புக்காற்றில் இணைப்புகள் பச்சை பூத்துவிட்டன. அதனால் அந்த மூன்று வண்டி போகவேண்டிய தெருக்களுக்கும் இரண்டு டீசல் டிப்பர்கள் வாசல் வாசலாகப் போகின்றன. பிறகு பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குப்பைமேட்டுக்கு ஈரக்குப்பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஓடுகின்றன. அங்கே அது அழுகி மீத்தேனாகிறது. மாதம் அறுநூற்று இருபது லிட்டர் டீசல். கம்பெனி வருவதற்கு முன்னால் என்ன ஆனதோ அதே அளவு. இலக்கு நாற்பது, குறைந்தது பூஜ்யம்.

வேறு வேலை தேடவில்லை. இதில் செய்ய நிறைய இருக்கிறது.
உங்கள் ஆஃப்ரீன்

---

ஷார்ஜா
16 மார்ச் 2025

அன்புத் தங்கச்சிக்கு, அலைக்குமுஸ்ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. இங்கே இன்னும் சூடு தொடங்கவில்லை. மிச்ச நோன்பையாவது அம்மாவை டாக்டரைக் கேட்டுக்கொண்டு வைக்கச் சொல். கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்த டிப்பர்களை வைத்துக்கொண்டு அநியாயம் செய்கிறார்கள்.

முதலில் ஈரக்குப்பையைப் பிரி. எடை முழுக்க அதில்தான் இருக்கிறது. அதை மக்கவைக்கிற உரக்கிடங்கு ஊருக்குப் பக்கத்தில்தானே? வண்டி முதலில் அங்கே இறக்கிவிட்டு, காய்ந்த குப்பையோடு மட்டும் தூரம் போகட்டும். காய்ந்ததை அமுக்கிக் கட்டினால் நாலு நடை இரண்டு நடையாகும். தெருக்களை ஊருக்குள் சுற்றிச் சுற்றி எடுக்காதீர்கள். கடைசி வாசல் கிடங்குக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரி வரிசை போடு. வண்டி நிறைய நிறையத்தான் டீசல் குடிக்கும், நிறைந்த வண்டி குறைந்த தூரம் போக வேண்டும். பெண்கள் குப்பையைக் கொண்டுவர ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும் இடத்தில் எஞ்சினை அணைக்கச் சொல். திரும்பக் கிளப்பினால் கூடுதல் செலவு என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். அது பழைய கதை. டயர் காற்றை வாரம் ஒருமுறை, காலையில் வண்டி கிளம்புமுன் பார்க்க வேண்டும். பேட்டரி இணைப்பை நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, கிரீஸ் தடவு. கடற்கரையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதைச் செய்யாவிட்டால் எந்தப் பேட்டரி வண்டியும் தாங்காது.

இதெல்லாம் இங்கே கேள்விப்பட்டது.
ஷாநவாஸ்

---

தோப்படிப்பட்டினம்
24 ஏப்ரல் 2025

அன்பு அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளுக்கு நீங்கள் அனுப்பிய அத்தர் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது. எல்லோரும் சுகம்.

நீங்கள் "கேள்விப்பட்ட"தை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஆரோக்கியம்மாள் அக்காதான் முதலில் கையில் எடுத்தார். பதினெட்டு வருஷமாகத் தெருக் கூட்டுகிறவர், ஊரில் எந்த வீட்டில் எத்தனை மணிக்கு மீன் கழுவுவார்கள் என்பதுவரை தெரியும். தெரு வரிசையை அவர் சொல்ல நான் எழுதினேன். ஈரக்குப்பையைப் பிரிக்காத வீட்டு வாசலில் நின்று, "நானே பிரிச்சுக்கிறேன் தாயி, நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருங்க" என்பார். இரண்டாம் நாள் அவர்களே பிரித்து வைத்துவிடுகிறார்கள்.

பேட்டரி வண்டிகளில் இரண்டு உயிர்பெற்றுவிட்டன. மதுரைவீரன் அண்ணன் எஞ்சினை அணைக்க முதலில் சம்மதிக்கவில்லை. ஒரு வாரம் அளந்து காட்டினேன். இப்போது மற்ற ஓட்டுநரை அவரே அதட்டுகிறார். மார்ச் கடைசியில் தொடங்கினோம். ஏப்ரலில் டீசல் முந்நூற்றுத் தொண்ணூறைத் தாண்டாது. நூற்றுக்கு முப்பத்தேழு குறைவு! பூஜ்யத்திலிருந்து நாலு வாரத்தில்!

ஒரு சந்தேகம். சூப்பர் மார்க்கெட் வேனில் ஈரக்குப்பையும் காய்ந்த குப்பையும் ஏது அண்ணே?
ஆஃப்ரீன்

---

ஷார்ஜா
29 மே 2025

தங்கச்சிக்கு, அலைக்குமுஸ்ஸலாம். சுகம். வேலை அதிகம், அதனால் தாமதம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அம்மாவுக்குச் சேலையும் உனக்குக் கைக்கடிகாரமும் வருகிறது. வெயில் கடுமை.

முப்பத்தேழு நல்ல எண்.
ஷாநவாஸ்

---

தோப்படிப்பட்டினம்
28 ஜூன் 2025

அன்பு அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா நலம், நானும் உடம்பளவில் நலம். கடிகாரம் கையில் இருக்கிறது.

இங்கே ஒரு பெரிய சங்கடம். எங்கள் மேலாளர் ஆவுடையப்பன், கம்பெனி வந்த நாளிலிருந்து சென்னைக்கு மாதம் இருநூற்றுப் பத்து லிட்டர் டீசல்தான் ஆகிறது என்று எழுதி அனுப்பியிருக்கிறார். ஐந்து பேட்டரி வண்டியும் ஓடுவதாகக் கணக்கு. என் பதிவேட்டை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது நிதி அமைப்பிலிருந்து பெட்ரோல் பங்க் ரசீதுகளைக் கேட்டுவிட்டார்கள். ரசீதில் இருப்பது உண்மையான அளவு. இடையில் உள்ள டீசல் எங்கே என்கிறார்கள்.

மேலாளர் என்னை அழைத்து அறிக்கையை நீட்டினார். "எறநூத்திப் பத்துலதான் ரெண்டு டிப்பரும் ஓடியிருக்கும்மா. மிச்சத்தை மதுரைவீரன் வெளிய வித்துருக்கான். பதிவாளர்னு நீ ஒரு கையெழுத்துப் போடு."

"என் பதிவேட்டுல இருக்குறதுக்கு மட்டுந்தான் சார் நான் கையெழுத்துப் போடுவேன்."

"நீ ஒரு நாளாச்சும் லாரி ஓட்டிருக்கியா? லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்னு ஒனக்கென்ன தெரியும்?"

மதுரைவீரன் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டியவர் உரக்கிடங்குச் சுவரோரம் உட்கார்ந்து, "திருடன்னு சொல்லிட்டாங்களே பாப்பா, எம் புள்ளைக பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போகும்?" என்று கேட்டார்.

மீமிசலில் மீன் லாரி ஓட்டுகிறவர்களைக் கேட்டேன். ரோட்டில் லிட்டருக்கு ஐந்து, ஆறு கிலோமீட்டர் கொடுக்கும் என்கிறார்கள். இருநூறு வாசலில் நின்று நின்று போகும் வண்டிக்கு எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மேலாளர் கணக்குப்படி ஒன்பது ஓட வேண்டும்!

அண்ணே, அங்கே உங்களுக்குத் தெரிந்த குப்பை லாரி ஓட்டுநர் யாராவது இருந்தால், அவர் தன் அனுபவத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பாரா? ஆகஸ்ட் எட்டாம் தேதி பேரூராட்சி அலுவலகத்தில் விசாரணை. சென்னை நிதி அமைப்பிலிருந்து இசைவாணி என்ற அதிகாரி வருகிறார். ஜமாஅத்திலிருந்தும் ஊரிலிருந்தும் ஆட்கள் இருப்பார்கள். எழுதியவரின் பெயரையும் ஊரையும் வேலையையும் சொல்லித்தான் வாசிப்பார்கள். அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முடியாது என்றால் எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை.
ஆஃப்ரீன்

---

தோப்படிப்பட்டினம்
19 ஜூலை 2025

அன்பு அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று வாரமாகப் பதில் இல்லை. அம்மாவிடம் போனில் வெயிலைப் பற்றி மட்டும் பேசினீர்களாம்.

நான் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன். யாரும் எழுதித் தராவிட்டாலும் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய் நிற்பேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்கு நான் எப்போதும் தங்கச்சிதான்.
ஆஃப்ரீன்

---

ஷார்ஜா
27 ஜூலை 2025

என் அருமைத் தங்கச்சி ஆஃப்ரீனுக்கு, அலைக்குமுஸ்ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இரண்டு கடிதங்களும் தலையணைக்கு அடியில் இருந்தன.

நீ கேட்ட ஆள் நான்தான்.

சூப்பர் மார்க்கெட் வேன் ஓட்டியது முதல் நாலு மாதம். அந்தக் கடையை மூடிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பினால் உன் படிப்பு நிற்கும். குப்பை லாரிக்கு ஆள் எடுத்தார்கள், ஏறிவிட்டேன். அடுத்த மாதம் சொல்லலாம் என்று நினைத்தேன். அது ஏழு வருஷமாகிவிட்டது. உன்னைத் திட்டினேனே, அது உன்மேல் இருந்த கோபம் இல்லை. நான் ஒளித்து வைத்த வேலையை நீ எல்லோரும் பார்க்கச் செய்கிறாய் என்கிற கோபம்.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் கம்பெனிக்கும் உங்களைப் போல இலக்கு உண்டு. ஒவ்வொரு லாரியிலும் கருவி வைத்து, எந்த ஓட்டுநர் எத்தனை நிறுத்தத்துக்கு எத்தனை லிட்டர் என்று அளக்கிறார்கள். நூற்று நாற்பது பேரில் நான் மூன்றாவது. என் படம் டிப்போ சுவரில் மாட்டியிருக்கிறது. போன வருஷத்திலிருந்து மாட்டியிருக்கிறது, ஆஃப்ரீன். சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. உன் பிப்ரவரிக் கடிதம் வந்தபோது, என் வேலையைப் பற்றி என்னிடம் பேச வீட்டில் ஒரு ஆள் கிடைத்துவிட்டதே என்று இருந்தது. அதனால்தான் அவ்வளவு எழுதினேன். எழுதி முடித்ததும் பயந்துபோனேன்.

கையெழுத்திட்ட சாட்சியத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஏழு வருஷப் பதிவின் நகலும், டிப்போ முத்திரையும் உண்டு. நீ சொன்ன அளவு டிப்பர் வாசல் வாசலாக நின்று போனால் லிட்டருக்கு மூன்று, மிஞ்சினால் மூன்றரை. ஒன்பது ஓட்ட யாராலும் முடியாது. அதிகாரி நம்பாவிட்டால் இப்படிச் செய்யச் சொல்: டேங்கை வாய்வரை நிரப்பி, ஒரு நாள் முழுக்க வழக்கமான சுற்று ஓட்டிவிட்டு, மறுபடி வாய்வரை நிரப்பட்டும். ஊற்றிய அளவுதான் குடித்த அளவு.

பெயர், ஊர், அத்தா பெயர், வேலை எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறேன். வாசிக்கட்டும். அம்மாவிடம் நான் முன்னாடியே சொல்லத்தான் நினைக்கிறேன். போனை எடுத்தால் வாய் வரமாட்டேன் என்கிறது.
ஷாநவாஸ்

---

தோப்படிப்பட்டினம்
11 ஆகஸ்ட் 2025

அன்பு அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். இதை நின்றுகொண்டு எழுதுகிறேன், சந்தோஷத்தில் உட்கார முடியவில்லை.

விசாரணையில் மேலாளர் முதலில் பேசினார். டீசல் திருட்டு, ஓட்டுநர், அனுபவமில்லாத பெண். பிறகு இசைவாணி மேடம் உங்கள் தாளை எடுத்து வாசித்தார்: "தோப்படிப்பட்டினம் மர்ஹூம் அப்துல் ஜப்பார் மகன் ஷாநவாஸ், குப்பை லாரி ஓட்டுநர், ஏழு ஆண்டுகள்." பின்வரிசையில் சலசலப்பு. ஜமாஅத் ஆட்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன்.

மேலாளர், "அந்த நாட்டு வண்டி வேற, நம்ம வண்டி வேற மேடம்" என்றார்.

"அப்ப நம்ம வண்டியவே ஓட்டிப் பாத்துருவோம். அவரே வழி சொல்லிருக்காரே. அந்த டிரைவரைக் கூப்பிடுங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்கு டேங்கை நிரப்பினார்கள். மதுரைவீரன் அண்ணன் ஓட்ட, இசைவாணி மேடம் பக்கத்தில் உட்கார, நான் பின்னால் பேட்டரி வண்டியில் போனேன். இருநூற்றுப் பதினான்கு வாசல். ஆரோக்கியம்மாள் அக்கா தெருத் தெருவாகச் சொல்லிவைத்திருந்தார். யாரும் குப்பையைக் கலந்து போடவில்லை. மாலை திரும்ப நிரப்பிக் கணக்குப் பார்த்தோம். லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர், சில்லறை.

மேடம் என் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். "முப்பத்தேழா? இது நெஜமா?" என்று கேட்டார். நிஜம் என்றேன். "நான் பாக்குற ஊர்கள்ல இதுவரைக்கும் யாரும் பதினஞ்சைத் தாண்டல. பொய்யா எழுதுனவங்க எல்லாம் அறுவதைத் தாண்டிட்டாங்க" என்று சிரித்தார். நாற்பதுக்கு மூன்று குறைவதால் புதிய வண்டிகள் இப்போது வராது. ஆறு மாதம் அவகாசம். எங்களுக்கு அது போதும். ஆவுடையப்பனைக் கம்பெனி இங்கிருந்து நீக்கித் தலைமை அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டது. மதுரைவீரன் அண்ணனிடம் எல்லோர் முன்னிலும் மன்னிப்புக் கேட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். அவர் சாவியை வாங்கிக்கொண்டு, "ஷாநவாஸ் தம்பி எப்ப லீவுல வருது?" என்று மட்டும் கேட்டார்.

இனி அம்மா. நான் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தேநீர் ஆற்றிக்கொண்டே, "அந்த லாரியில கையால அள்ளணுமா, இல்ல ஓட்டுறது மட்டுந்தானா?" என்றார்கள். ஓட்டுவது மட்டும் என்றேன். "ஏழு வருஷம் எங்கிட்ட சொல்லாம எப்படித்தான் இருந்தானோ. சாப்புட்டானா இல்லையான்னே தெரியாமப் போச்சே" என்று அழுதார்கள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உங்கள் படத்தைக் கேட்டார்கள். டிப்போ சுவரில் இருக்கிற படம் வேண்டுமாம். அனுப்புங்கள்.

உங்கள் மார்ச் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரியும் அண்ணே. நீங்களாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.
உங்கள் ஆஃப்ரீன்

---

ஷார்ஜா
5 அக்டோபர் 2025

அன்புள்ள அம்மாவுக்கும் தங்கச்சிக்கும், ஷாநவாஸ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் அம்மா. உங்கள் இருவரின் சுகத்துக்கும் துஆ.

படம் அனுப்பியிருக்கிறேன். சட்டை கொஞ்சம் பெரிது, உடம்பு இளைக்கவில்லை.

எங்கள் டிப்போவுக்கு முதல் பன்னிரண்டு மின்சார லாரிகள் வந்துவிட்டன. இரண்டாயிரத்து முப்பதுக்குள் எல்லாம் மாறிவிடுமாம். பயிற்சிக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். தேர்வாகிவிட்டேன். திங்கள்கிழமையிலிருந்து ஓட்டுகிறேன். எஞ்சின் சத்தமே இல்லை. எங்கள் பழைய லாரி தெருமுனையில் வரும்போதே நாலாவது மாடிக்குக் கேட்கும்.

மூன்றாம் நாள் காலை ஒரு கட்டிடத்தில் குப்பை எடுத்துவிட்டுத் திரும்பும்போது, கையில் பையோடு ஒரு அம்மா ஓடி வந்தார். நம் பக்கத்துப் பேச்சு. "என்னங்க, வண்டி வந்ததே தெரியல, சத்தமில்லாமப் போறீங்க! யாரு டிரைவரு?" என்று சத்தம் போட்டார்.

முன்பென்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மலையாளியைப் போல இருந்துவிடுவேன். ஊர்க்காரர்கள் கண்ணில் படாமல் எத்தனையோ தெருவில் குனிந்திருக்கிறேன்.

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். பையைக் கையில் வாங்கிக்கொண்டு, "நான்தாங்க குப்பை லாரி டிரைவர். மீமிசல் பக்கம், தோப்படிப்பட்டினம். நாளையிலருந்து ஹார்ன் அடிச்சுட்டு வாரேன்" என்றேன்.

"அட, நம்ம ஊருப் புள்ளையா!" என்றார் அந்த அம்மா.

ஷாநவாஸ்